ஒரே ஒரு சிவப்புக் கிளிப்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், நேற்று மாலை நம் வீட்டுக் குளியலறையில் நடந்த கோர விபத்தில், சிவப்புத் துணிக் கிளிப் வெந்நீர் வாளிக்குள் தவறி விழுந்து, ஹீட்டர் கம்பியில் மோதி, தன் இரண்டு பற்களில் ஒன்றை இழந்தது. அங்கிருந்த வீரன் ஒருவன் (வேறு யார், நான்தான்) சுவிட்சை அணைத்துவிட்டுக் கரண்டியால் அதை மீட்டான். பல் உருகி வழுக்கையாகிவிட்டதே தவிர, கடி கொஞ்சமும் குறையவில்லை. கிளிப்பின் குடும்பத்தார் கவலைப்பட வேண்டாம்.

நான் நலம். அம்மா நலம். அப்பா வழக்கம்போல முகத்தில் அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் லோடு ஏற்றிக்கொண்டு நலம். நீ நலமா? நர்ஸ் படிப்பு எப்படிப் போகிறது? நீ ஊசியை எடுத்தால் நோயாளி ஓடுகிறாரா, நீ ஓடுகிறாயா?

ஊசி என்றதும் நினைவு வருகிறது. உன் பள்ளித் தோழி ஊசியக்கா நம் மாடிக்குத் தையல் மெஷினோடு குடிவந்து ஒரு மாதம் ஆகிறது. நல்ல மாதிரிதான். ஆனால் நீ கிளம்பும் முன் போட்டுவிட்டுப் போன சட்டம் என் கழுத்தை நெரிக்கிறது. ஹீட்டர், அயர்ன் பாக்ஸ், தண்ணீர் மோட்டார், இந்த மூன்றில் எதைப் போடுவதானாலும் மீட்டர் பக்கத்து ஆணியிலிருந்து கிளிப்பை எடுத்துக் காலரில் மாட்டிக்கொள்ள வேண்டும். ஒரு கிளிப்புக்கு ஒரு சாமான். ஆணி காலியாக இருந்தால் காத்திருக்க வேண்டும். ஊசியக்கா சாயங்காலம் முழுக்கச் சீருடைகளுக்கு இஸ்திரி போடுகிறாள். நான் துண்டும் கையுமாக மாடிப்படியில் உட்கார்ந்து, “அக்கா, கிளிப்பு!” என்று கத்துகிறேன். மேலிருந்து, “இன்னும் நாலே சட்டைடா ராஜா!” என்று பதில் வருகிறது. அந்த நாலு எப்போதுமே நாலுதான். அவள் படித்த கணக்குப் பாடம் அப்படி.

இப்படிக்கு,
இந்த வீட்டின் தலைமை மின் பொறியாளர்
(நியமித்தவர்: நானே)

•

மார்ச் 22

அன்புள்ள வாலுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. விடுதி அறையில் நாலு பேருக்கும் வாசித்துக் காட்டினேன். கிளிப்புக்கு அனுதாபம் தெரிவிக்கச் சொன்னார்கள். நான் நலம். நின்று நின்று கால்தான் கடுக்கிறது. அம்மாவின் இருமல் நின்றதா?

சட்டத்தைத் திட்டாதே. கரண்ட் பில்லின் மூலையில் எறும்பு எழுத்தில் ‘அனுமதிக்கப்பட்ட மின்சுமை: 2 கிலோவாட்’ என்று இருக்கும், பார். அது நாம் மாதம் முழுக்க எவ்வளவு செலவழிக்கலாம் என்ற கணக்கு இல்லை. ஒரே நேரத்தில் எவ்வளவு இழுக்கலாம் என்ற எல்லை. ஹீட்டர் மட்டுமே ஒன்றரை கிலோவாட்டைக் குடிக்கும். ஃபிரிட்ஜும் ஃபேனும் விளக்கும் மீதியை. அதற்கு மேல் அயர்ன் பாக்ஸ் சேர்ந்தால் தாங்காது. அந்தப் பழைய வயரெல்லாம் தாத்தா கட்டின காலத்து வயர்.

ஊசிக்கு இந்தச் சீருடை ஆர்டர் முக்கியம். அண்ணன் வீட்டில் சாப்பாட்டுக்குச் சாப்பாடு பேச்சு வாங்கிக்கொண்டிருந்தவள். தனக்கென்று ஒரு கதவு, அதற்கு ஒரு பூட்டு என்று அவள் வாழ்வது இதுதான் முதல் தடவை. அப்பாவிடம் சொல்லி, கரண்ட் ஆபீஸில் லோடை அஞ்சு கிலோவாட்டாக உயர்த்த விண்ணப்பம் போடச் சொல். வீடு அவர் பேரில் இருப்பதால் அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். நான் எழுதினால் “பாக்கலாம்” என்பார். நீ நச்சரித்தால் தொல்லை தாங்காமல் போடுவார். உன் ஒரே திறமையை நல்ல காரியத்துக்குப் பயன்படுத்து.

அன்புடன்,
அக்கா

•

ஏப்ரல் 10

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். அம்மாவின் இருமல் நின்றுவிட்டது. இப்போது அந்த நேரத்தையும் சேர்த்து என்னைத் திட்டுகிறாள்.

நச்சரித்தேன். அப்பா “பாக்கலாம்” என்றார். மறுபடி நச்சரித்தேன். “பாக்கலாம்னு சொன்னேன்ல” என்றார். இது முன்னேற்றமா, நீயே முடிவு செய்.

போன வாரம் ஃபியூஸ் மூன்று தடவை போயிற்று. மூன்றாவது தடவை தலைமைப் பொறியாளர் நேரில் களத்தில் இறங்கினார். மெயினை அணைத்து, ஃபியூஸைக் கழற்றி, கம்பியை ஒற்றையாகக் கட்டாமல் இரட்டையாக முறுக்கிக் கட்டினார். ஊசியக்கா டார்ச் பிடித்தாள். “டேய், அது ஒத்தையாத்தானே இருந்துச்சு?” என்றாள். “அது பழைய தொழில்நுட்பம்க்கா” என்றேன். அன்றிலிருந்து இன்றுவரை ஃபியூஸ் போகவே இல்லை! அந்த ரெண்டு கிலோவாட் மிரட்டலெல்லாம் சும்மா பூச்சாண்டி என்று என் ஆராய்ச்சி சொல்கிறது. பட்டம் கொடுக்கப் பல்கலைக்கழகங்கள் வரிசையில் வரலாம்.

இன்னொரு செய்தி. பள்ளி மணியின் நாக்கைக் கழற்றி யாரோ ஒளித்துவிட்டார்கள். மூன்றாம் பீரியட் சாயங்காலம்வரை நீண்டது. அந்த யாரோவின் அப்பாவை ஹெட்மாஸ்டர் கூப்பிட்டுப் பேசினார். வீட்டுக்கு வந்த அப்பா கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “இன்னும் ஒரே ஒரு புகார் வரட்டும். படிப்பு போதும், பெரியப்பா கடையில மூட்டை தூக்கப் போ” என்றார். சும்மா சொல்லவில்லை, பெரியப்பாவுக்கு எழுதியும் போட்டுவிட்டார். ஊசியக்கா மாடிப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். அப்புறம் என்னைக் கூப்பிட்டு, கிழிந்திருந்த சட்டைப் பையைத் தைத்துக் கொடுத்தாள். பையைக் கொஞ்சம் ஆழமாக வைத்திருக்கிறாள். “உன் வாலைச் சுருட்டி இதுல வச்சுக்கோ” என்றாள்.

இப்படிக்கு,
த.மி.பொ.

•

மே 2

அன்புள்ள வாலுக்கு,

நலம்தானே? எனக்குத் தேர்வு நெருங்குகிறது, அதனால் சுருக்கமாக. இரட்டைக் கம்பி ஆராய்ச்சியைப் படித்து நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். ஆனாலும் லைன்மேன் அந்தப் பக்கம் வந்தால் அதை ஒரு தடவை காட்டிவிடு.

மணியின் நாக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டாயா? மூட்டை தூக்கும் முதுகு உனக்கு இல்லை. படி.

ஒன்று கவனித்தேன். போன கடிதத்தில் குளியலுக்குக் காத்திருந்த புலம்பலே காணோம். ஊசி சட்டை தைப்பதைக் குறைத்துவிட்டாளா, நீ குளிப்பதையே நிறுத்திவிட்டாயா?

அன்புடன்,
அக்கா

•

மே 26

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தேர்வு நன்றாக நடந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

போன வியாழக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் மீட்டர் பலகை எரிந்துபோயிற்று. முதலில் ரப்பர் கருகுகிற வாசனை. அப்புறம் சுவருக்குள்ளே பொரிகிற மாதிரி ஒரு சத்தம். பலகைக்கு மேலே சுவர் கறுத்து, புகை கூரைவரை ஏறிவிட்டது. அப்பா குச்சியால் மெயினைத் தட்டிவிட்டார். ஒரு நிமிடம் தாமதித்திருந்தால் கதவுத் திரை பிடித்திருக்கும் என்று அம்மா சொல்லிச் சொல்லி அழுதாள்.

புகை அடங்கியதும் எல்லோரும் வராந்தாவில் நின்றோம். அப்பா, “அயர்ன் போட்டிருந்தியாம்மா?” என்று ஊசியக்காவைக் கேட்டார். “போட்டிருந்தேன்” என்றாள். “கிளிப் யார்கிட்ட?” என்று கேட்டார் அப்பா. நான் கையைத் தூக்கிக் காட்டினேன். கிளிப் என் கையில்தான் இருந்தது. ஹீட்டர் போட்டிருந்தேன்.

“அப்போ கிளிப் இல்லாமலே அயர்ன் போட்டியா?” என்றார் அப்பா. அவள் சட்டென்று கையைக் கழுத்துக்குக் கொண்டுபோனாள். காலரை அப்படியே மூடிப் பிடித்துக்கொண்டாள். என் கையைப் பார்த்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். அப்பாவுக்குப் பதிலே சொல்லவில்லை. மாட்டிக்கொண்ட ஆட்கள் அப்படித்தான் இருப்பார்கள் போல.

மாதக் கடைசியில் மாடியைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார் அப்பா. “சரிங்க” என்றாள். அவ்வளவுதான்.

உன் தம்பி

•

ஜூன் 5

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் இன்றுதான் கிடைத்தது. அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லையே? உன் கையில் தீப்பட்டதா? மறைக்காமல் எழுது.

ஊசியை நம்பி நான்தானே குடிவைத்தேன். அவளுக்காக அப்பாவிடம் எத்தனை தடவை பேசினேன். ஒரே ஒரு கிளிப், ஒரே ஒரு சட்டம், அதைக்கூட மதிக்க முடியாத அளவுக்கு என்ன அவசரம் அவளுக்கு? இன்றே அவளுக்கு எழுதிப் போட்டுவிட்டேன். நாலு சட்டைக்காக என் வீட்டைக் கொளுத்தப் பார்த்தாயே என்று எழுதினேன். இன்னும் கூடவே எழுதினேன்.

அப்பா அம்மாவைப் பார்த்துக்கொள்.

அக்கா

•

ஜூலை 12

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். என் கையில் எதுவும் படவில்லை.

ஊசியக்கா போய்விட்டாள். மெஷினை ஒரு தள்ளுவண்டியில் ஏற்றி, மேலே பழைய போர்வையைப் போர்த்தி, அவளும் கூடவே நடந்தாள். நான் தெருமுனைவரை பின்னால் தள்ளிக்கொண்டு போனேன். “போதும், திரும்பிப் போ. லோடு ஜாஸ்தியாயிடும்” என்றாள். நான் சிரித்திருக்க வேண்டும்.

லைன்மேன் வந்து புதுப் பலகை மாட்டினார். கருகின ஃபியூஸை எடுத்து, முறுக்கின கம்பியை விரலில் தொங்கவிட்டபடி சொன்னார்: “வீட்டுலயே ரொம்ப மெலிசான கம்பியை இங்க போடறது கஞ்சத்தனத்துக்கு இல்லீங்க. ஜாஸ்தி இழுத்தா எல்லாத்துக்கும் முன்னால இது அறுந்து மத்ததைக் காப்பாத்தணும். இதை அறுந்துபோகவிடாம பண்ணிட்டீங்க. அதான் சுவத்துக்குள்ள இருக்கிற வயர் எரிஞ்சுச்சு. யார் கட்டினது இது?”

“மாடியில இருந்த பொண்ணா இருக்கும். அன்னைக்கு ஃபியூஸ் போனப்போ டார்ச்சோட அங்கதான் நின்னா” என்றார் அப்பா.

லோடை உயர்த்தினால்தான் இனிமேல் ஆகும் என்று கரண்ட் ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். அப்பா அன்றைக்கே கையெழுத்துப் போட்டார். அஞ்சு கிலோவாட்.

உன் தம்பி

•

ஆகஸ்ட் 19

அன்புள்ள வாலுப் பையனுக்கு,

ஊசியக்கா எழுதுகிறேன். நலமா? பள்ளிக்கூடம் ஒழுங்காகப் போகிறாயா? மணி அடிக்கிறதா?

நான் நலம். அண்ணன் வீட்டில் சமையலறைக்குப் போகிற வழியில் மெஷினைப் போட்டிருக்கிறேன். அண்ணி தட்டோடு வரும்போதெல்லாம் நான் எழுந்து சுவரோடு சுவராக நிற்க வேண்டும். தையலைவிட எழுந்து நிற்கிற வேலைதான் அதிகம். உடம்புக்கு நல்லது. சீருடை ஆர்டரை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

மூட்டை பிரிக்கும்போது அன்றைக்குப் போட்டிருந்த என் பழைய சட்டை கிடைத்தது. அதன் காலரில் இது இருந்தது. தெரியாமல் எடுத்து வந்துவிட்டேன். உங்கள் வீட்டுப் பொருள், உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். பல் ஒன்று போனதால் துணியைக் கொஞ்சம் சாய்த்துக் கடிக்கிறது, பாவம்.

உன் அக்காவின் கடிதம் வந்தது. அவளுக்கு எப்படிப் பதில் எழுதுவதென்று தெரியவில்லை. அதனால் எழுதவில்லை.

சட்டைப் பை கிழிந்தால் கிழிந்த இடத்துக்குக் கொஞ்சம் தள்ளித் தைக்கச் சொல். கிழிசல் மேலேயே தைத்தால் மறுபடியும் கிழியும்.

ஊசியக்கா

•

செப்டம்பர் 20

அன்புள்ள தம்பிக்கு,

நலமா? இரண்டு மாதமாக உன் கையெழுத்தைப் பார்க்கவில்லை. அம்மாவின் கடிதத்தில், “அவன் ரொம்ப ஒழுங்காயிட்டான், சத்தமே இல்லை” என்று எழுதியிருந்தாள். நீ சத்தமில்லாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை.

நேற்று லீவில் உன் பழைய கடிதங்களை எடுத்துப் படித்தேன். ஏப்ரல் கடிதத்தில் இரட்டைக் கம்பி. அதைக் கட்டினது நீ. ஜூலையில் லைன்மேன் கேட்ட கேள்விக்கு அப்பா ஊசி பேரைச் சொன்னபோது நீ பக்கத்தில்தான் நின்றிருக்கிறாய். அப்புறம் நீ என்ன சொன்னாய் என்று கடிதத்தில் இல்லை.

உன்னை மட்டும் சொல்லிப் பயனில்லை. அதைப் படித்துச் சிரித்தவள் நான். எல்லோருக்கும் வாசித்துக் காட்டியவள் நான். கம்பியைக் கட்டினது நீ என்று தெரிந்திருந்தும் அது நினைவுக்கு வராமல், எட்டு வருடத் தோழிக்கு அப்படி ஒரு கடிதம் எழுதினேன். மூன்று தடவை மன்னிப்புக் கேட்க உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. அவளிடமிருந்து ஒரு வரி இல்லை.

அன்றைக்குக் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள் என்று எழுதியிருந்தாயே. அவள் பயந்தால் கண்ணைத்தான் மூடுவாள். பள்ளியிலிருந்தே எனக்குத் தெரியும். எதைடா மூடிப் பிடித்தாள்?

உடம்பைப் பார்த்துக்கொள். எழுது.

அக்கா

•

அக்டோபர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம் என்று எழுதிவிட்டு அடித்தேன். அம்மா அப்பா நலம்.

அவள் மூடிப் பிடித்தது கிளிப்பை.

ஏப்ரலில் கடைக்குப் போய் அதே மாதிரி சிவப்புக் கிளிப் ஒன்று வாங்கினேன். முதலில் வேடிக்கைக்குத்தான். ஊசியக்கா கிளிப்பை மாட்டிக்கொண்டு இஸ்திரி போடும்போது நான் இன்னொன்றை மாட்டிக்கொண்டு எதிரே போய் நின்று அவளைத் திகைக்க வைக்கலாம் என்று நினைத்தேன். அப்புறம் ஹீட்டரையும் போட்டுப் பார்த்தேன். ஃபியூஸ் போகவில்லை. அதனால் தினமும் போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. என் குளியல் புலம்பல் நின்றதற்குக் காரணம் அதுதான். நீ கேட்டாய், நான் பதில் எழுதவில்லை.

அந்த வியாழக்கிழமை என் கிளிப்பில் ஹீட்டர் மட்டும் இல்லை. அம்மா சொன்னாளே என்று மோட்டாரையும் போட்டிருந்தேன். அப்பா கேட்டபோது நான் தூக்கிக் காட்டியது என் கள்ளக் கிளிப். அதில் இரண்டு பல்லும் முழுசாக இருந்தன. யாரும் உற்றுப் பார்க்கவில்லை. அவள் மட்டும் பார்த்தாள். அவள் காலரில் இருந்தது நிஜக் கிளிப், பல் உருகினது. சட்டப்படி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த ஒரே ஆள் அவள்தான். கையை எடுத்திருந்தால் போதும், நான் பெரியப்பா கடைக்குப் போயிருப்பேன். அவள் கையை எடுக்கவில்லை.

ஆகஸ்டில் அதைத் தபாலில் அனுப்பினாள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதை வைத்துக்கொண்டு இத்தனை நாளும் ஒளிந்துகொண்டிருந்தேன்.

உன் கடிதம் வந்த அன்று இரண்டு கிளிப்பையும் அப்பா முன்னால் சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். கம்பியையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். இரண்டையும் கையில் வைத்து வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “மார்ச்சிலேயே கையெழுத்துப் போட்டிருக்கலாம்” என்றார். மறுநாள் அவரே மாடியைப் பெருக்கினார். பெரியப்பா பேச்சை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் போயிருப்பேன்.

ஊசியக்காவுக்கு அப்பாவும் எழுதினார், நானும் எழுதினேன், திரும்பி வரச் சொல்லி. நேற்று பதில் வந்தது. அப்படியே எழுதுகிறேன்: ‘ரொம்பச் சந்தோஷம். ஆனால் அடிக்கடி இடம் மாற்றினால் மெஷினுக்கு முதுகு வலிக்கிறது. நான் இங்கேயே இருக்கிறேன். உன் அக்காவை ஒரு வரி எழுதச் சொல்.’ அதனால் நீ எழுது. நாலாவது தடவை உட்கார். வராவிட்டால் ஒரு வரி மட்டும் எழுது.

கரண்ட் ஆபீஸிலிருந்து போன வாரம் வந்து லோடை உயர்த்திவிட்டார்கள். பில்லில் அதே எறும்பு எழுத்து: ‘அனுமதிக்கப்பட்ட மின்சுமை: 5 கிலோவாட்’. இப்போது ஹீட்டர், அயர்ன், மோட்டார் மூன்றையும் ஒன்றாகப் போடலாம். போடத்தான் ஆள் இல்லை. மாடி பூட்டிக் கிடக்கிறது. அம்மா மட்டும் இன்னமும் மோட்டார் சுவிட்சில் கையை வைத்துக்கொண்டு, “கிளிப்பு யார்கிட்ட?” என்று கத்துகிறாள். அப்புறம் அவளே நாக்கைக் கடித்துக்கொண்டு போட்டுவிடுகிறாள். நிஜக் கிளிப்பை ஆணியில் மாட்டியிருக்கிறேன். மற்றதை உடைத்துவிட்டேன்.

தலைமை மின் பொறியாளர் ராஜினாமா செய்கிறார். போகிற போக்கில் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், சிரிக்காதே. சிரித்தாலும் அறையில் வாசித்துக் காட்டாதே. இரட்டைக் கம்பி என் கண்டுபிடிப்பே இல்லை. எனக்கு ஃபியூஸ் கட்டவே தெரியாது. ஒற்றையாகக் கட்டக் கட்டத் திருகிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்தது. ஊசியக்கா டார்ச்சோடு நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாளே என்று வெட்கமாகப் போய், கையில் இருந்த கம்பியை எல்லாம் சேர்த்து முறுக்கித் திணித்துவிட்டேன்.

உன் தம்பி